ஹாக் மூட்டை அசைக்கும் தசைகள்: பின்னங்காலைப் பிரித்துப் பார்த்து அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

பின்னங்காலின் கணுக்காலான ஹாக் மூட்டின் தசைப் பட்டியலை மனப்பாடம் செய்வது எளிது. அதே பட்டியலோடு பிரித்தறுக்கும் மேசைக்கு வந்தால், முதல் அரை மணி நேரத்திலேயே எந்தத் தசைநாண் எது என்று தெரியாமல் போகிறது. வேலையைத் தவறான முனையிலிருந்து தொடங்குவதுதான் பெரும்பாலும் காரணம். இந்த வழிகாட்டி குதிரையின் காலை அடிப்படையாக வைத்துப் போகிறது. மாடு, ஆடு, பன்றி, நாய், பூனை ஆகியவற்றில் என்ன மாறும் என்பது 8-ஆம் பகுதியில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது நாயின் கால் என்றால், 5-ஆம் படிக்கு முன் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

1. கத்தியை எடுக்கும் முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஹாக் மூட்டு என்பது நம் கணுக்காலுக்கு இணையானது. பின்னால் துருத்தி நிற்கும் குதிமுனைதான் நம் குதிகால். இதை மனதில் இருத்திக்கொண்டால் மடக்குதல் எது, நீட்டுதல் எது என்பதில் தடுமாற்றம் வராது. காலின் முன்பக்கம் கீழ்க்கால் எலும்பை நோக்கி நெருங்கினால் அது மடக்குதல். குதிமுனை மேலே இழுக்கப்பட்டு மூட்டு நிமிர்ந்தால் அது நீட்டுதல்.

தசைகளின் பெயர்கள் பெரும்பாலும் விரல்களில் அவை செய்யும் வேலையை வைத்து இடப்பட்டவை. 'நீள விரல் நீட்டி' விரலை நீட்டும், ஆனால் ஹாக்கை மடக்கும். 'ஆழ விரல் மடக்கி' விரலை மடக்கும், ஆனால் ஹாக்கை நீட்டும். பெயரைப் பார்த்து வேலையை ஊகிப்பவர்கள் தேர்விலும் நோயறிதலிலும் இங்கேதான் விழுகிறார்கள்.

நம்ப வேண்டிய விதி ஒன்றே ஒன்று: மூட்டின் முன்னால் கடப்பது மடக்கும், பின்னால் கடப்பது நீட்டும். தசையின் பெயரை மறந்துபோனாலும் இந்த விதி உங்களைக் காப்பாற்றும்.

பெரோனியஸ் என்று ஒரு நூலிலும் ஃபிபுலாரிஸ் என்று இன்னொரு நூலிலும் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே. இங்கே ஃபிபுலாரிஸ் என்றே எழுதுகிறேன்.

2. தேவையானவை

கால்: தொடை எலும்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலேயோ வெட்டி எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஸ்டைஃபிள் மூட்டில், அதாவது பின்னங்காலின் முழங்காலில், பிரித்த கால் இந்த வேலைக்கு உதவாது. நீள விரல் நீட்டி, ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸ், காஸ்ட்ரோக்னீமியஸ், மேலோட்ட விரல் மடக்கி ஆகிய நான்கும் தொடை எலும்பின் கீழ்முனையில் தொடங்குகின்றன. ஸ்டைஃபிளில் வெட்டினால் நான்கின் தொடக்கமும் போய்விடும். ஹாக்கும் ஸ்டைஃபிளும் சேர்ந்தே அசைவது ஏன் என்பதையும் பார்க்க முடியாது.

முடிந்தால் இரண்டு கால்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பதப்படுத்தாதது, அசைவைப் பார்க்க. மற்றது 10 சதவீத ஃபார்மலினில் பதப்படுத்தியது, பொறுமையாகப் பிரிக்க. ஃபார்மலின் கால் விறைத்திருக்கும். அதில் மூட்டை அசைத்துப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது.

கருவிகள்: தோலுக்கு 4-ஆம் எண் கைப்பிடியில் 22-ஆம் எண் பிளேடு, உள்ளே 3-ஆம் எண் கைப்பிடியில் 10 அல்லது 15-ஆம் எண் பிளேடு. பல் வைத்த ஃபோர்செப்ஸ் ஒன்று, மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல் ஒன்று, சிவப்பு, நீலம் என இரண்டு நிற நூல்கள், எழுதக்கூடிய சிறு அட்டைகள். நூல்களை அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், 5-ஆம் படியிலிருந்து அவை இல்லாமல் வேலை நடக்காது.

பாதுகாப்பு: எந்தக் காலானாலும் கையுறை கட்டாயம். பதப்படுத்திய காலை முந்தைய நாள் இரவே ஓடும் நீரில் வைத்து ஃபார்மலினைக் குறைத்துவிட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யுங்கள். கழற்றிய பிளேடு நேராகக் கூர்பொருள் பெட்டிக்குள் போக வேண்டும். தோல் குவியலுக்குள் மறைந்த பிளேடுதான் அடுத்தவர் விரலை வெட்டுகிறது.

3. பதப்படுத்தாத காலை முதலில் அசைத்துப் பாருங்கள்

இறந்தபின் வரும் விறைப்பு தளர்ந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். விறைத்த தசை எல்லா அசைவையும் ஒரேபோல் தடுக்கும், நீங்கள் பார்க்க வேண்டிய வேறுபாடு தெரியாது.

குதிரைக் காலின் தொடை எலும்பை ஒரு கையால் பிடித்து ஸ்டைஃபிளை மடக்குங்கள். ஹாக்கும் தானாக மடங்கும். இப்போது ஸ்டைஃபிளை மடக்கியபடியே வைத்து ஹாக்கை மட்டும் நீட்ட முயலுங்கள். முடியாது. முன்னால் ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸ், பின்னால் மேலோட்ட விரல் மடக்கி என்ற இரண்டு கயிறுகள் ஸ்டைஃபிளுக்கு மேலிருந்து ஹாக்குக்குக் கீழ்வரை ஓடி இரு மூட்டுகளையும் பூட்டி வைத்திருக்கின்றன. குதிரையில் இரண்டுமே ஏறத்தாழ முழுக்கத் தசைநாண்தான், அதனால் நீளம் மாறுவதில்லை.

நாயின் காலில் இந்தப் பூட்டு இருக்காது. ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸ் நாய்க்கு இல்லை, மேலோட்ட விரல் மடக்கியும் சதைப்பிடிப்புள்ளது. இரு கால்களையும் அடுத்தடுத்து அசைத்துப் பார்ப்பதுபோல் இதை மனதில் பதிக்கும் வேறு வழியில்லை.

அசைவின் திசையையும் கவனியுங்கள். குதிரையில் ஏறத்தாழ முழு அசைவும் கீழ்க்கால் எலும்புக்கும் ஹாக்கின் மேல் எலும்பான டேலஸுக்கும் இடையிலுள்ள மேல் மூட்டில் நடக்கிறது. டேலஸின் முகடுகள் சாய்ந்து முன்னும் வெளிப்புறமுமாகப் போவதால், மடங்கும்போது கால் சற்றே வெளியே போகும். மாட்டிலும் ஆட்டிலும் டேலஸின் கீழ்முனையும் உருளைபோல் இருப்பதால் அடுத்த மூட்டும் ஓரளவு அசையும்.

4. தோலை எடுத்தல்

முதலில் விரலால் தடவி ஐந்து அடையாளங்களைக் கண்டுபிடியுங்கள்: கீழ்க்கால் எலும்பின் மேல்முன் மேடு, வெளிப்பக்கத்தில் ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் தலை, ஹாக்கின் இருபுறமும் உள்ள கணு மேடுகள், குதிமுனை. பிறகு வரும் எல்லா விவரிப்பும் இவற்றை வைத்தே அமைகிறது.

முதல் வெட்டை உட்பக்கத்தில், கீழ்க்கால் எலும்பின் நடுவே நெடுக இடுங்கள். அங்கே எலும்பு நேராகத் தோலுக்கடியில் இருக்கிறது, கெடுக்கத் தசை ஏதும் இல்லை. மேலோட்டமாக ஓடும் சஃபீனஸ் நாளத்தையும் நரம்பையும் மட்டும் பார்த்து விலக்குங்கள். உள் கணு மேட்டை எட்டியதும் ஆழத்தைக் குறைத்துவிடுங்கள். அதற்குக் கீழே ஹாக்கின் உட்பக்கத்தில் சாய்வாக ஓடும் கியூனியன் தசைநாண் தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. அழுத்திய கையோடு கீழே போனால் அது துண்டாகிவிடும்.

ஸ்டைஃபிளுக்குக் கீழே ஒன்று, ஹாக்குக்குக் கீழுள்ள நீள எலும்பான மெட்டாடார்சலின் நடுவில் ஒன்று என இரண்டு வளைய வெட்டுகளை இட்டு, தோலை முன்னும் பின்னுமாக உரியுங்கள்.

தோலுக்குக் கீழே வெண்மையான, கெட்டியான தசைப்படலம் தெரியும். இதையும் தோலோடு சேர்த்துக் கிழித்துவிடுவது மிகப் பரவலான தவறு. பைசெப்ஸ் ஃபெமோரிஸ், செமிடெண்டினோசஸ் ஆகிய தொடைத் தசைகளிலிருந்து குதிமுனைக்கு வரும் பட்டைகள் இந்தப் படலத்தின் பின்பகுதியில்தான் கலந்திருக்கின்றன. ஆகவே முன்பக்கப் படலத்தை மட்டும் இப்போது எடுங்கள், பின்பக்கத்தை விட்டுவையுங்கள்.

ஹாக்கின் முன்னால் தசைநாண்களை அணைத்துப் பிடிக்கும் குறுக்குப் பட்டைகளையும் வெட்ட வேண்டாம். குதிரையில் இவை மூன்று: கீழ்க்காலின் கீழ்முனையில் ஒன்று, ஹாக்கின் மேல் ஒன்று, மெட்டாடார்சலின் மேல்முனையில் ஒன்று. இவற்றை எடுத்துவிட்டால் தசைநாண்கள் இடம் நழுவி, எது எதன்மேல் ஓடியது என்ற தடயமே அழிந்துவிடும்.

5. முன்பக்கத் தொகுதி: ஹாக்கை மடக்குபவை

ஹாக்கிலிருந்து தொடங்கி மேலே போங்கள். மேலே சதைப்பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், சில ஒரே இடத்தில் தொடங்கும். கீழே தசைநாண்கள் தனித்தனி உறைகளில் பிரிந்து ஓடும். கீழே பிடித்த தசைநாணை மேல்நோக்கித் தொடர்ந்தால் வழி தவறாது. மேலிருந்து வந்தால் ஒரே தசையை இரண்டாகப் பிளப்பீர்கள், அல்லது இரண்டை ஒன்றென்று நினைப்பீர்கள்.

5.1 நீள விரல் நீட்டி. ஹாக்கின் முன்னால் நடுவில் தெரியும் தடித்த தசைநாண் இதுவே. கீழே கடைசி விரலெலும்பின் முன்முனைவரை போகும். இழுத்தால் குளம்பு நிமிரும், அதுதான் இதன் சோதனை. சிவப்பு நூல் கட்டி அட்டை மாட்டுங்கள். ஹாக்கை மடக்கும் எல்லாவற்றுக்கும் சிவப்பு.

5.2 பக்க விரல் நீட்டி. வெளிக் கணு மேட்டின் பள்ளம் வழியாக வந்து, மெட்டாடார்சலின் மேல்பகுதியில் நீள விரல் நீட்டியின் தசைநாணோடு சேரும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் மேலோட்ட ஃபிபுலார் நரம்பு இருக்கும், அதை எடுத்து ஓரமாக வையுங்கள். ஹாக்கை மடக்குவதில் இதன் பங்கு சிறிது. ஆனால் பின்னங்காலை வெடுக்கென்று மேலே இழுக்கும் ஸ்ட்ரிங்ஹால்ட் நோய்க்கான அறுவையில் அகற்றப்படுவது இதன் ஒரு பகுதிதான், எனவே தெளிவாகப் பிரித்துவையுங்கள்.

5.3 ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸ். நீள விரல் நீட்டியைத் தூக்கினால் அதனடியில் பளபளப்பான வெண்கயிறாகத் தெரியும். சதை இல்லாததால் இதைத் 'தடித்த படலம்' என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். மேலே தொடர்ந்தால் இது நீள விரல் நீட்டியோடு சேர்ந்து தொடை எலும்பின் வெளிப்பக்கக் குழியில் தொடங்குவது தெரியும். இந்த ஒரு காட்சிக்காகவே தொடை எலும்பைக் காலோடு வைத்திருக்கச் சொன்னேன்.

5.4 டிபியாலிஸ் கிரேனியாலிஸ். எல்லாவற்றுக்கும் அடியில், கீழ்க்கால் எலும்பின்மீது படுத்திருக்கும் சதைப்பிடிப்பான தசை. ஸ்டைஃபிளைக் கடக்காமல் ஹாக்கை மட்டும் மடக்குவது இதுதான்.

5.5 துளையைக் கண்டுபிடியுங்கள். ஹாக்கின் முன்னால் ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸின் தசைநாண் பிளந்து ஒரு குழல்போல் ஆகிறது. டிபியாலிஸ் கிரேனியாலிஸின் தசைநாண் அதன் வழியாக வெளியே வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேராக மெட்டாடார்சலின் மேல்முனைக்குப் போகும். மற்றது உட்பக்கம் சாய்ந்து ஹாக்கிலுள்ள சிறிய டார்சல் எலும்புக்குப் போகும். அந்த உட்கிளைதான் கியூனியன் தசைநாண். அதனடியில் ஒரு சிறு திரவப்பை உண்டு, கத்தி முனையை விட்டுவிட்டு விரல் நுனியால் தேடுங்கள்.

இங்கே பிளேடைத் தசைநாண்களின் நீளவாக்கிலேயே வைத்திருங்கள். குறுக்கே போன ஒரு வெட்டு, துளையிட்ட தசைநாணையும் துளைத்துச் செல்வதையும் சேர்த்தே அறுத்துவிடும்.

6. பின்பக்கத் தொகுதி: ஹாக்கை நீட்டுபவை

இனி நீல நூல். பின்பக்கப் படலத்தில் விட்டுவைத்த பட்டைகளை முதலில் குதிமுனைவரை தொடர்ந்து அடையாளமிடுங்கள். பிறகே படலத்தை எடுங்கள்.

6.1 காஸ்ட்ரோக்னீமியஸ். இரண்டு தலைகள், தொடை எலும்பின் கீழ்முனையில் பின்புறமாக உள்ளும் புறமும் தொடங்கி, ஒரே தசைநாணாகக் குதிமுனையில் முடியும். ஹாக்கை நீட்டும் முதன்மைத் தசை இது.

6.2 மேலோட்ட விரல் மடக்கி. இரண்டு தலைகளுக்கும் நடுவில் ஆழமாகப் புதைந்து தொடங்கும். 'மேலோட்டம்' என்ற பெயரை நம்பி மேலே தேடினால் கிடைக்காது. கீழே வரும்போது இது காஸ்ட்ரோக்னீமியஸ் தசைநாணின் உட்பக்கமாகச் சுற்றிப் பின்னால் வந்து, குதிமுனையின்மேல் தொப்பிபோல் விரிந்து, இருபுறமும் பட்டைகளால் ஒட்டிக்கொண்டு, பிறகு விரலுக்குப் போகும்.

இந்தச் சுற்றல்தான் பின்பக்கத்தில் எல்லோரையும் ஏமாற்றும் இடம். கீழ்க்காலின் நடுவில் முன்னால் இருக்கும் தசைநாண், குதிமுனையில் பின்னால் இருக்கும். ஒரே மட்டத்தில் மட்டும் பார்த்துப் பெயர் எழுதினால் இரண்டும் மாறிப்போகும். தொப்பியில் பிடித்து மேல்நோக்கி வாருங்கள், சுற்றல் கண்ணெதிரே விரியும்.

6.3 சோலியஸ். குதிரையில் வெளிப்பக்கத்தில் ரிப்பன்போல மெலிந்து கிடக்கும். கொழுப்பு என்று நினைத்து எடுத்துவிட்டு, பிறகு தேடுவது வழக்கமாக நடக்கிறது.

6.4 ஆழ விரல் மடக்கி. கீழ்க்கால் எலும்பின் பின்பரப்பை ஒட்டி மூன்று தலைகள். பெரிய வெளித்தலையின் தசைநாணும் டிபியாலிஸ் காடாலிஸின் தசைநாணும் சேர்ந்து, குதி எலும்பின் உட்பக்கத் திண்டின்மேல், டார்சல் உறை என்ற ஹாக்கின் தசைநாண் உறைக்குள் வழுக்கிச் செல்லும். உள்தலையின் தசைநாண் ஹாக்கின் உட்பக்கத்தில் தனிக் குழாயில் இறங்கி, ஹாக்குக்குக் கீழேதான் மற்றதோடு சேரும். டார்சல் உறையில் நீர் கோத்து வீங்குவதே தரோபின். ஹாக்கின் மூட்டுப்பை முன்னால் வீங்கும் போக் ஸ்பாவினிலிருந்து அதைப் பிரித்தறிய, உறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இப்போதே விரல் விட்டுப் பாருங்கள்.

பாப்லிட்டியஸ் என்ற தசையும் இங்கே தென்படும், ஆனால் ஸ்டைஃபிளோடு நின்றுவிடும். ஹாக் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டாம்.

7. வெட்டிச் சோதித்தல்

பதப்படுத்தாத குதிரைக் காலில் ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸை மட்டும் அறுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். 3-ஆம் படியின் அசைவைத் திரும்பச் செய்யுங்கள். ஸ்டைஃபிள் மடங்கியிருக்கும்போதே ஹாக் இப்போது நேராக நீளும், குதிமுனைக்கு மேலுள்ள தசைநாண் தொய்ந்து சுருங்கும். உயிருள்ள குதிரையில் அந்தத் தசைநாண் அறுந்ததைக் கண்டறியும் சோதனை இதுவேதான்.

வரிசை முக்கியம். பின்பக்கத் தசைநாண்களை முன்பே அறுத்திருந்தால் அசைவு எதனால் விடுபட்டது என்று சொல்ல முடியாது.

8. மற்ற விலங்குகளில் என்ன மாறும்

மாடு, ஆடு: ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸ் சதைப்பிடிப்பானது, முன்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கும். குதிரைக்குப் பழகியவர் அதை நீள விரல் நீட்டி என்று எழுதிவிடுவார். கீழே போய் விரலைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாமல் மெட்டாடார்சலின் மேல்முனையோடு நின்றால் அது ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸ். உண்மையான நீள விரல் நீட்டி அதனடியில் இருக்கும். டிபியாலிஸ் கிரேனியாலிஸ் தசைநாண் துளைத்து வருவது இங்கும் உண்டு.

வெளிப்பக்கத்தில் குதிரையில் இல்லாத ஃபிபுலாரிஸ் லாங்கஸ் கிடைக்கும். அதன் தசைநாண் பக்க விரல் நீட்டியின் தசைநாணைக் குறுக்கே தாண்டி, ஹாக்கின் பின்பக்கம் வளைந்து உட்பக்கம் போகும். அந்தக் குறுக்குத் தாண்டலே அடையாளம்.

பன்றி: மாட்டைப் போலவே ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸ் சதையோடு இருக்கும். சோலியஸ் நன்கு வளர்ந்திருக்கும்.

நாய்: ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸ் கிடையாது. முன்னால் தோலுக்கடியில் முதலில் தெரிவது டிபியாலிஸ் கிரேனியாலிஸ், நீள விரல் நீட்டியை ஓரளவு மூடியிருக்கும். அதாவது குதிரையின் அடுக்குக்கு நேர் தலைகீழ். வெளிப்பக்கத்தில் ஃபிபுலாரிஸ் லாங்கஸ், பக்க விரல் நீட்டி, ஃபிபுலாரிஸ் பிரெவிஸ் என மூன்று. காஸ்ட்ரோக்னீமியஸின் இரு தலைகளிலும் தொடக்கத்தில் பட்டாணிபோல ஒவ்வோர் எலும்பு இருக்கும். எக்ஸ்ரேயில் இவற்றை உடைந்த துண்டு என்று நினைப்பவர்கள் உண்டு. சோலியஸ் நாய்க்கு இல்லை, பூனைக்கு நன்றாகவே உண்டு. டிபியாலிஸ் காடாலிஸ் ஆழ மடக்கியோடு சேராமல் மெல்லிய தனித் தசையாக நிற்கும்.

9. நரம்பை வைத்துப் பட்டியலைச் சரிபாருங்கள்

சிவப்பு நூல் கட்டியவை எல்லாம் பொது ஃபிபுலார் நரம்பின் கீழ் வர வேண்டும். நீல நூல் கட்டிய கீழ்க்கால் தசைகள் எல்லாம் டிபியல் நரம்பின் கீழ் வர வேண்டும். எதாவது ஒன்று பொருந்தவில்லை என்றால் தசையின் பெயர் தவறு, நரம்பின்மேல் பழி போடாதீர்கள்.

பொது ஃபிபுலார் நரம்பு பைசெப்ஸுக்கு அடியிலிருந்து வந்து காஸ்ட்ரோக்னீமியஸின் வெளித்தலையைக் கடந்து, ஃபிபுலாவின் தலைக்கருகே இரண்டாகப் பிரிகிறது. அங்கே அதற்கு மேல் பாதுகாப்பு மிகக் குறைவு. எழ முடியாமல் ஒரே பக்கம் நெடுநேரம் படுத்த பசுவில் நசுங்குவது இந்த இடம்தான். டிபியல் நரம்பு குதிமுனைக்கு மேலே, ஆழ விரல் மடக்கிக்கும், குதிமுனையில் சேரும் தசைநாண்களின் கட்டான குதித் தசைநாணுக்கும் நடுவில், உட்பக்கத்தில் கிடைக்கும். குதிரையில் அதை மரக்கச் செய்யும் ஊசி குதிமுனையிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. மேலே போடப்படுகிறது. பிரித்த காலில் அந்த உயரத்தை அளந்து, நரம்பைத் தொட்டுப் பாருங்கள்.

10. நின்றிருக்கும் விலங்கில் படித்தல்

ஃபிபுலார் நரம்பு செயலிழந்தால் மடக்குபவை போகும், எதிரணி மட்டும் மிஞ்சும். ஹாக் அளவுக்கு மீறி நிமிர்ந்து, விரல்கள் மடிந்து, காலின் முன்முகம் தரையில் படும். குதிரையில் மட்டும் ஒரு விலக்கு உண்டு: ஸ்டைஃபிள் மடங்கும்போது சதையற்ற ஃபிபுலாரிஸ் டெர்ஷியஸ் ஹாக்கை இழுத்துவிடுவதால் மடங்குதல் முழுதாக நின்றுவிடாது. அதைப் பார்த்து நரம்பு நலம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

டிபியல் நரம்பு செயலிழந்தால் நீட்டுபவை போகும், ஹாக் தாழ்ந்து மடங்கி நிற்கும்.

குதித் தசைநாண் முழுவதும் அறுந்தாலும் ஹாக் தாழும். நாய் குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்கும். காஸ்ட்ரோக்னீமியஸ் பகுதி மட்டும் அறுந்து மேலோட்ட விரல் மடக்கி தப்பியிருந்தால், ஹாக் தாழ்வதோடு விரல்களும் நண்டுக்கால்போல் இறுகி மடங்கும். ஹாக் மடங்க மடங்க, குதிமுனையைச் சுற்றி ஓடும் அந்தத் தசைநாண் இழுபட்டு விரல்களைச் சுருட்டுகிறது. ஆகவே ஹாக் தாழ்ந்த நாயைப் பார்த்தால் அடுத்த பார்வை விரல்களில் இருக்க வேண்டும். அவை தளர்ந்திருக்கின்றனவா, சுருண்டிருக்கின்றனவா என்பதே எந்த இழை மிஞ்சியிருக்கிறது என்று சொல்லிவிடும்.